"நல்ல சட்டம்தான், நடைமுறைதான் இல்லை" என்று இனி மேடையில் சொல்லாதீர்கள்

ஏப்ரல் 14 வந்தால் போதும். விழுப்புரம் தொடங்கி திண்டிவனம் வரை மேடைக்கு மேடை ஒரு வாக்கியம் கேட்கும். "நம்ம நாட்டுல சட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நடைமுறைப்படுத்தத்தான் ஆள் இல்ல." மாலை போட வந்த எம்.எல்.ஏ. சொல்வார். ஓய்வுபெற்ற அதிகாரி சொல்வார். நம் ஆட்களும் சொல்வார்கள். நாமும் கை தட்டிவிட்டு வருவோம்.

தோழர்களே, இது பொய். அதுவும் எல்லோருக்கும் வசதியான பொய். சட்டம் போட்டவருக்கு நல்ல பெயர், போடாமல் விட்ட அதிகாரிக்கு வெறும் "மெத்தனம்" என்ற சின்னக் கெட்ட பெயர், அடிபட்டவனுக்கு ஆறுதல். வேலைத்தலத்தில் சாதி பார்ப்பதைத் தடுக்கும் சட்டங்களின் வரலாற்றை எடுத்துப் படித்தால் வேறு ஒன்று தெரியும். நடக்காமல் போன சட்டம் பெரும்பாலும் நடக்காதபடியே எழுதப்பட்டிருக்கிறது. சாவி யாருக்கு எதிராகப் பூட்ட வேண்டுமோ அவர் கையிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. நடந்த இடங்களில் அதை நடக்க வைத்தது அரசின் மனசாட்சி கிடையாது. கீழே இருந்தவர்கள் கூடி நெருக்கியதால் நடந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. முகையூர் ஒன்றியத்தில் கரும்பு வெட்டவும் மல்லாட்டை பிடுங்கவும் செங்கல் சூளைக்கும் போன தலைமுறையின் பிள்ளைகள் நீங்கள். அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்குகிறீர்கள். பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். மீதிப் பேர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய் கம்பெனி பஸ் ஏறுகிறீர்கள். திண்டிவனம் சிப்காட்டில் வேலை வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். "எந்த ஊரு தம்பி?" இரண்டாவது கேள்வியும் தெரியும். "ஊரா, காலனியா?" அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவனை எந்தச் சட்டம் பிடிக்கும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஓடிப்போன கூலியைப் பிடிக்கத் தெரிந்த அரசு

1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி ஒரு சட்டம் போட்டது. அந்த ஆண்டின் 5ஆம் சட்டம். அடிமை என்ற உரிமையை இனி எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. கேட்க நன்றாக இருக்கும். அடிமை வைத்திருப்பவனுக்கு அதில் தண்டனை இல்லை. எந்த அதிகாரியும் பண்ணைக்குப் போய் ஆளை விடுவிக்க வேண்டும் என்ற கடமை இல்லை. பண்ணையாளுக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே தெரியாது. கடன் சீட்டு ஒன்று எழுதி அடிமையைப் படியாள் ஆக்கினார்கள். பெயர் மாறியது, களத்துமேடு மாறவில்லை.

அதே அரசு 1859இல் இன்னொரு சட்டம் போட்டது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகும் தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவிடலாம், மறுத்தால் சிறையில் போடலாம். ஒப்பந்த மீறல் சட்டம் என்று பெயர். இந்தச் சட்டம் சும்மா கிடக்கவில்லை. முதலாளிகள் கேட்டபோதெல்லாம் ஓடியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடி 1920களின் நடுவில்தான் ரத்தானது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே அரசு, அதே போலீஸ், அதே தாசில்தார். கூலியை விடுவிக்கும் சட்டத்துக்கு ஆள் இல்லை, கூலியைப் பிடிக்கும் சட்டத்துக்கு ஆள் இருந்தது. நடைமுறைப்படுத்தத் தெரியாத அரசு என்று ஒன்று உலகத்தில் இல்லை. யாருக்காக என்பதுதான் கேள்வி.

தென்னாற்காட்டுக்காரர் எழுதிய அறிக்கை

1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவதற்குத் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசும் அதை ஏற்று ஆணை வெளியிட்டது. அரசு அலுவலகத்துக்குள் நுழையவே தனியாக ஒரு ஆணை வேண்டியிருந்த காலம் அது. அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பது அப்புறம். தீர்மானத்தை மீறினால் என்ன தண்டனை? ஒன்றும் இல்லை. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் குடியியல் தடைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்த பிறகுதான் தண்டனை என்ற பேச்சே வந்தது.

சுதந்திரம் வந்தது. அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955 ஜூன் 1 முதல் தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழில் செய்ய விடாமல் தடுப்பதும் அதில் குற்றம். பத்து ஆண்டுகள் கழித்து இந்தச் சட்டம் என்ன கிழித்தது என்று பார்க்க மத்திய அரசு 1965இல் ஒரு குழு போட்டது. தலைவர் யார் தெரியுமா? நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர், காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள். நாடு முழுக்கச் சுற்றி 1969இல் அறிக்கை கொடுத்தார். வழக்குகள் குறைவு, தண்டனை சொற்பம், போலீஸ் பதிவு செய்வதே இல்லை, சமரசம் பேசி அனுப்பிவிடுகிறார்கள் என்பதையெல்லாம் அந்தக் குழு எடுத்து வைத்தது.

அந்த அறிக்கையின் அழுத்தத்தில்தான் 1976இல் சட்டம் திருத்தப்பட்டது. பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆனது. ஊரில் நாம் "பி.சி.ஆர்." என்று சொல்கிறோமே, அது இது. இந்தத் திருத்தத்தில் மூன்று விஷயங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று, "எந்த வேலையிலும் சேர்வது" என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. தீண்டாமை காரணமாக வேலை மறுப்பது குற்றம் என்று வெளிப்படையாக வந்தது. இரண்டு, செத்த மாட்டைத் தூக்கு, கக்கூஸ் கழுவு, பெருக்கு என்று தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரைக் கட்டாயப்படுத்துவதே தீண்டாமைக் குற்றம் என்றானது. மூன்று, புலனாய்வு செய்ய வேண்டிய அரசு ஊழியர் வேண்டுமென்றே அலட்சியம் காட்டினால் அவரும் குற்றத்துக்கு உடந்தை.

இவ்வளவு பல் உள்ள சட்டம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்து "பி.சி.ஆர். கேஸ்" என்று சொல்லும் அளவுக்குப் பெயர் பிரபலம். வேலை மறுத்ததற்காக இந்தச் சட்டத்தில் உள்ளே போன ஒரு முதலாளியை உங்கள் ஊரில் யாருக்காவது தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.

கருவறையும் ஒரு வேலைத்தலம்தான்

இளையபெருமாள் குழு சொன்ன இன்னொன்று, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்பது. தமிழ்நாடு அரசு 1970இல் அறநிலையத்துறைச் சட்டத்தைத் திருத்தி அதைச் செய்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை ரத்து செய்தது செல்லும் என்றது, கூடவே ஆகமத்தைக் கைவைக்காதே என்றும் சொல்லிவிட்டது. அதோடு 34 ஆண்டுகள் ஓடின.

2006இல் தி.மு.க. அரசு மறுபடி ஆணை போட்டது. பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. 200க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பல சாதிகளிலிருந்தும் படித்துத் தீட்சை வாங்கி வெளியே வந்தார்கள். வந்தவர்களுக்கு வேலை இல்லை, வழக்குதான் இருந்தது. 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதிலும் ஆகமப்படி கோயிலுக்குக் கோயில் பார்த்துக்கொள் என்ற நூல் தொங்கியது. 2018இல் மதுரையில் ஒருவர் நியமிக்கப்பட்டார். 2021 ஆகஸ்டில் அரசுப் பயிற்சிப் பள்ளியில் படித்த 24 பேருக்கு அர்ச்சகர் பணி ஆணை கொடுத்தார்கள், தலித்துகளும் அதில் உண்டு. உடனே மறுபடி வழக்குகள்.

கணக்குப் போடுங்கள். 1970இலிருந்து 2021 வரை 51 ஆண்டுகள். இங்கே முதலாளி யார்? அரசு. சம்பளம் போடுவது அரசுத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் கோயில். அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் ஒரு வேலைப் பாகுபாட்டை நீக்க அரை நூற்றாண்டு ஆகியும் முடியவில்லை. படித்துவிட்டுக் காத்திருந்த பையன்கள் நடு வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தளராமல் துறையின் படியேறிப் போராடினார்களோ அந்த அளவுக்குத்தான் கதவு திறந்தது.

சாவியைத் திருடன் கையில் கொடுத்த சட்டம்

1993இல் கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்து மத்திய சட்டம் வந்தது. இதன் பிரிவுகளைப் படித்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரி முன்அனுமதி கொடுக்காமல் யார் மீதும் வழக்குத் தொடர முடியாது. மலம் அள்ளும் ஆட்களை வேலைக்கு வைத்திருந்தது யார்? நகராட்சி, பேரூராட்சி, ரயில்வே. அதாவது அரசின் ஒரு கை செய்யும் குற்றத்துக்கு இன்னொரு கை அனுமதி கொடுத்தால்தான் வழக்கு. தொழிலாளி நேரடியாக நீதிமன்றம் போக வழி வைக்கவில்லை. இருபது ஆண்டுகளில் இந்தச் சட்டத்தில் தண்டனை என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லாமல் போனதில் என்ன அதிசயம்?

2003இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் போனது. ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, பெயர் எழுதி, "எங்கள் மாநிலத்தில் உலர் கழிப்பறையே இல்லை" என்று பிரமாணப் பத்திரம் போட்ட அரசுகளின் பொய்யை உடைத்தார்கள். அதன் பிறகுதான் 2013 சட்டம், 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைக்குள் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம். 2023 அக்டோபரில் அது 30 லட்சம் ஆனது. நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படும் சாவுக் கணக்கில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. சமூக நீதி மண் என்று மேடையில் பேசும்போது இந்த வரிசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் நடந்தால் "உள்விவகாரம்"

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2015 திருத்தம் அதில் சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு, வேலை செய்யவிடாமல் தடுப்பது, ஊராட்சிப் பதவியில் இருப்பவரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது எல்லாவற்றையும் குற்றமாக்கியது. இந்தச் சட்டத்தின் மீது நடந்த மிகப் பெரிய தாக்குதல் எங்கிருந்து வந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டோம். ஒரு அலுவலகத்திலிருந்து வந்தது.

மகாராஷ்டிராவில் ஓர் அரசு மருந்தியல் கல்லூரி ஊழியர். மேலதிகாரிகள் அவருடைய ரகசியக் குறிப்பேட்டில் பாதகமாக எழுதினார்கள், அதன் பின்னால் சாதி இருக்கிறது என்று அவர் புகார் கொடுத்தார். அதிகாரிகள் மீது வழக்குத் தொடர மேலிடம் அனுமதி மறுத்தது. அப்படி மறுத்தவர் மீது அவர் கொடுத்த புகார்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 மார்ச் 20 தீர்ப்பில் சட்டத்தின் கழுத்தையே நெரித்தார்கள். அரசு ஊழியரைக் கைது செய்ய நியமன அதிகாரியின் அனுமதி, மற்றவரைக் கைது செய்ய எஸ்.பி.யின் அனுமதி, எப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை. ரகசியக் குறிப்பேடு என்பது அரசு ஊழியனின் தலையெழுத்து. பதவி உயர்வு அதில் தொங்குகிறது. அதைத் தொட்டுக் கேட்டவனுக்குக் கிடைத்த பதில், சட்டத்தையே தளர்த்துகிறோம் என்பது.

அது எப்படி மாறியது? ஏப்ரல் 2 பாரத் பந்த். வட மாநிலங்களில் நம் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் திருத்தம் செல்லும் என்றது. தெருவில் இறங்கியவர்கள் இல்லை என்றால் இன்று உங்கள் கையில் இந்தச் சட்டம் இருந்திருக்காது.

இப்போதும் அலுவலகத்துக்கு ஓர் ஓட்டை திறந்தே இருக்கிறது. சாதி சொல்லி இழிவுபடுத்தியது "பொதுமக்கள் பார்வையில்" நடந்திருக்க வேண்டும். மூடிய அறைக்குள் மேலாளர் சொன்னால்? கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சாட்சி இல்லாமல், சிரித்துக்கொண்டே சொன்னால்? அரசு ஊழியரின் அலட்சியத்துக்கு 4ஆவது பிரிவில் தண்டனை உண்டு, ஆனால் அதற்கு முதலில் துறை விசாரணை செய்து பரிந்துரைக்க வேண்டும். சாவி மறுபடியும் அதே கையில்.

இடமாற்றம் யாருக்கு?

2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம். அரசுப் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஊர் திரண்டது. அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். இயக்கங்கள் போராடிய பிறகுதான் மாற்றல் ரத்தானது, வழக்கும் பதிவானது. 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்தில் அதே கதை. அங்கே கலெக்டர் நேரில் போய்ச் சாப்பிட்டார், வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார். நல்ல விஷயம். ஆனால் கலெக்டர் சாப்பிட்டது செய்தி ஆகிறது என்றால் மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள்.

2020 அக்டோபரில் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளியானது. ஊராட்சித் தலைவர் தரையில், மற்றவர்கள் நாற்காலியில். படம் பரவிய பிறகு வழக்கு, கைது, பணியிடைநீக்கம். படத்துக்கு முன்னால் அந்த ஊராட்சிக்கு எந்த அதிகாரியும் போனதில்லையா? ஊராட்சிச் செயலர் அரசுச் சம்பளம் வாங்குபவர் இல்லையா? ஒருவர் கையில் இருந்த செல்போன்தான் அங்கே அமலாக்க அதிகாரியாக வேலை பார்த்தது.

அடுத்த ஆண்டு, 2021இல், தமிழ்நாடு அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தது. வரவேற்க வேண்டிய சட்டம். தனியார் கடைக்குள் நுழைந்து "இருக்கை போடு" என்று சொல்ல மாநில அரசால் முடியும் என்பதை அது காட்டியது. அப்படியானால் சாதி பார்க்காதே என்று ஏன் சொல்ல முடியாது?

தனியார் கம்பெனி வாசலில் சட்டம் நின்றுவிடுகிறது

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம் இருக்கிறது, நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு வேலை மறுப்பதை 2017 சட்டம் தடுக்கிறது. திருநர்களுக்கு 2019 சட்டம் இருக்கிறது. பாலியல் தொல்லைக்கு 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு வேண்டும், ஆண்டறிக்கை வேண்டும், தொடர்ந்து மீறினால் உரிமமே போகும். இவை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்லவில்லை. ஆனால் காகிதத்திலாவது இருக்கின்றன.

சாதிக்கு? 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் பாலினப் பாகுபாடு தடை செய்யப்பட்டிருக்கிறது, சாதி அந்த இடத்தில் இல்லை. தொழிலாளர் ஆய்வாளரிடம் போய் "சாதி பார்த்து என்னை எடுக்கவில்லை" என்றால், எனக்கு அதில் அதிகாரம் இல்லை என்பார். அவர் சொல்வது உண்மை. சாதிக்கு இருப்பது குற்றவியல் சட்டம் மட்டும். அதாவது காவல் நிலையம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் அவன் சிறைக்குப் போகலாம். உனக்கு வேலை வராது. பதவி உயர்வு வராது. இழந்த சம்பளம் வராது. புகார் எழுத உட்காரும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி, "அண்ணா, கேஸ் போட்டா வேலை போயிடுமா?" போகும். அதைத் தடுக்கும் சட்டம் இல்லை.

பாகுபாடு இருக்கிறதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒன்று. சுகதேவ் தோரட்டும் பால் ஆட்வெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பம் அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன்பே, பெயரைப் பார்த்தே இந்தக் கதி.

2008இல் மாதவ மேனன் குழு சமவாய்ப்பு ஆணையம் வேண்டும் என்று வரைவுச் சட்டத்தோடு அறிக்கை கொடுத்தது. அலமாரியில் இருக்கிறது.

அமெரிக்காவைப் பாருங்கள். 1964 சிவில் உரிமைச் சட்டம் தனியார் முதலாளியையும் பிடித்தது. ஆனால் அதற்காக அமைத்த ஆணையத்துக்கு முதலில் சமரசம் பேச மட்டுமே அதிகாரம். கறுப்பின மக்களின் அமைப்புகள் ஆயிரக்கணக்கில் புகார்களைக் குவித்தன, தாங்களே வழக்குப் போட்டன. 1971இல் கிரிக்ஸ் வழக்கில் வந்த தீர்ப்பு, நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, வேலைக்குச் சம்பந்தமில்லாத தகுதியை வைத்து ஒரு சமூகத்தை வடிகட்டினால் அதுவே சட்டவிரோதம் என்றது. 1972இல் ஆணையத்துக்கே வழக்குத் தொடுக்கும் அதிகாரம் வந்தது. 2020இல் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை, சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளருக்கு நடந்ததைச் சாதிப் பாகுபாடு என்று வழக்காக்கியது. 2023இல் சியாட்டில் நகரம் சாதியைத் தன் சட்டத்திலேயே சேர்த்தது. கலிஃபோர்னியாவின் மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார், அங்கேயும் எதிர்ப்பு இருக்கிறது.

ஆனாலும் இந்த அவமானத்தைக் கவனியுங்கள். சியாட்டிலில் ஒரு தனியார் கம்பெனியில் சாதி பார்த்தால் போலீசுக்குப் போகாமலேயே புகார் கொடுத்து நிவாரணம் கேட்க வழி உண்டு. கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரகடம் போன பையனுக்கு இல்லை.

"பொய் வழக்கு" என்பவர்களுக்கும், நம் சங்கங்களுக்கும்

2012 தருமபுரி எரிந்த பிறகும், 2013இல் நம் மரக்காணம் எரிந்த பிறகும் இந்த மாவட்டத்தில் உரக்கக் கேட்ட குரல், வன்கொடுமைச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது, தண்டனை விகிதமே குறைவு பாருங்கள் என்பது. தண்டனை ஏன் குறைகிறது? சாட்சி சொல்ல வேண்டியவன் குற்றவாளியின் நிலத்தில் கூலி, அவன் சூளையில் முன்பணம் வாங்கியவன். இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய விசாரணை பல வருடம் இழுக்கிறது. அதற்குள் சமரசம் பேச வராத உறவு கிடையாது. சாட்சி பல்டி அடித்ததை வைத்து சம்பவமே நடக்கவில்லை என்பது, பசியில் செத்தவனுக்குப் பசியே இல்லை என்பது போல.

தொழிற்சங்கத் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 1921இல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளரும் சாதி இந்துத் தொழிலாளரும் எதிரெதிராக நின்றார்கள், புளியந்தோப்பு எரிந்தது. நிர்வாகம் சாதியைப் பயன்படுத்தியது உண்மை. சங்கம் சேரியைக் கருங்காலிகள் கூட்டமாகப் பார்த்ததும் உண்மை. நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் "சாதி பேசினால் ஒற்றுமை உடையும்" என்கிறீர்கள். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் போனஸ் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது. காண்ட்ராக்டர் ஊர் விசாரிப்பதும், துப்புரவுக்கு மட்டும் ஒரே சாதியிலிருந்து ஆள் எடுப்பதும் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

என்ன கேட்கிறோம், என்ன செய்யலாம்

தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. டெல்லியை எதிர்பார்க்கத் தேவையில்லை. வேலைத்தலச் சாதிப் பாகுபாட்டுக்குத் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும். அதில் தனியாரும் காண்ட்ராக்டரும் அடங்க வேண்டும். காவல் நிலையம் போகாமல் தொழிலாளர் அலுவலரிடமே புகார் கொடுக்க வழி வேண்டும். பாகுபாட்டுக்கான முகாந்திரத்தைத் தொழிலாளி காட்டினால், இல்லை என்று நிரூபிக்கும் சுமை முதலாளிக்குப் போக வேண்டும். நிவாரணம் என்றால் வேலை, பதவி உயர்வு, இழந்த சம்பளம். புகார் கொடுத்தவரை மாற்றுவதும் நிறுத்துவதும் தனிக் குற்றமாக வேண்டும். சிப்காட்டில் சலுகை விலையில் நிலம் வாங்கும் நிறுவனம் எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேரை எந்தப் பதவியில் எடுத்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பொது நிலம் வாங்கினால் பொதுக் கணக்கு காட்டு.

அந்தச் சட்டம் வரும்வரை இருக்கும் சாவிகளைப் பிடுங்க வேண்டும். 1995 விதிகளின் 17ஆவது விதிப்படி மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். 16ஆவது விதிப்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரு முறை. எப்போது கூடினார்கள்? என்ன பேசினார்கள்? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விழுப்புரம் கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் கூட்டம் நடந்த தேதிகள், கூட்டக் குறிப்பின் நகல், வேலை தொடர்பான பிரிவுகளில் பதிவான வழக்குகள், 4ஆவது பிரிவில் நடவடிக்கை எடுக்கப்பட்ட அலுவலர்களின் எண்ணிக்கை, இந்த நான்கும் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு.

வேலைக்குப் போகிறவர்கள் நடந்ததைத் தேதி, நேரம், உடன் இருந்தவர் பெயரோடு அன்றைக்கே எழுதி வையுங்கள். புகாரை நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். புலனாய்வு டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி செய்ய வேண்டும். முதல் தவணை நிவாரணம் எப்.ஐ.ஆர். கட்டத்திலேயே தொடங்குகிறது. ஆணையத்துக்கும் ஒரு நகல் போகட்டும், மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் 2021இலிருந்து இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், ஐந்து பேராகப் போங்கள்.

முகையூர் ஒன்றியத்தில் ஊருக்கு ஒரு மாணவர் வீதம் இந்த மனுவைப் போட்டால் கலெக்டர் அலுவலகத்தில் ஒரே வாரத்தில் ஒரு கட்டு சேரும். ஏப்ரல் 14க்கு முன்னால் பதில்கள் கையில் இருக்க வேண்டும். மாலை போட வருகிறவர் "சட்டம் நல்லாத்தான் இருக்கு" என்று ஆரம்பிக்கும்போது, கூட்டம் நடந்த தேதிகளை மேடை ஏறி வாசித்துக் காட்டுங்கள். நடக்காத தேதிகளையும் சேர்த்து.